நாலு விரல் துணி

போன வாரம் திண்டிவனத்தில் பனி பெய்தது.

சிரிக்காதீர்கள், கண்ணால் பார்த்தேன். ரேவதியின் தையல் கடைக்குள் மட்டும் பெய்தது. மேலே ஃபேன் சுற்ற, வெள்ளை வெள்ளையாக வாத்து இறகு கடை முழுக்கப் பறந்தது. ரேவதியின் தலையில், என் தலையில், அளவு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாவின் மூக்கு நுனியில்... அந்த அம்மா தும்மத் தும்ம இன்னும் கொஞ்சம் பறந்தது. "அக்கா, மொதல்ல ஃபேனை நிறுத்துங்கக்கா" என்று ரேவதி பதறினாள். எனக்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் கயல் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் போனில் பேசுவோம். பேச்சு என்றால்... "சாப்பிட்டியா?" "ம்." "இன்னா சாப்பிட்டே?" "தோசை." "சரி, வெச்சிடட்டா?" அவ்வளவுதான். எந்த வீட்டில்தான் இதற்கு மேல் பேசுகிறார்கள்?

ஆனால் அன்றைக்கு நான் "வெச்சிடட்டா" என்றபோது, "இரும்மா" என்றாள். "இமயமலைக்கு ட்ரெக்கிங் போலாம்னு இருக்கேன். நீயும் வர்றியா? நீயும் நானும் மட்டும்."

நான் ஐம்பதைத் தாண்டிய ஸ்கூல் டீச்சர். இதுவரை ஏறிய பெரிய மலை செஞ்சிக்கோட்டை. அதிலும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் யோசிக்காமல் சரி என்றேன். கயல் எதையும் ஒரு முறைதான் கேட்பாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள். அப்படியே என் பிடிவாதம் அவளுக்கு.

ட்ரெக்கிங் ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்கள். குளிர் தாங்கும் ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். மடித்தால் சின்னப் பைக்குள் அடங்க வேண்டும். அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்க வேண்டுமாம், அதனால் கம்பளி, தடி ஸ்வெட்டர் எல்லாம் வேலைக்கு ஆகாது. (நம்ம ஊரில் ஜாக்கெட் என்றால் வேறு. இது முழுக்கை, ஜிப், உள்ளே இறகு அடைத்த சமாச்சாரம்.)

சரி, வாங்கிவிட்டால் போச்சு என்று நினைத்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் உடல்வாகு தெரியும். குண்டு என்று நான் சொல்லமாட்டேன். அகலம். கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டை தூக்கிய வம்சம் — தோள் அப்படித்தான் இருக்கும். கயலின் அப்பாவே சமயத்தில் என் பின்னால்தான் மழைக்கு ஒதுங்குவார்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனேன். அந்த வெயிலில் குளிர் ஜாக்கெட் கேட்டதற்கே விற்பனைப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தலையிலிருந்து கால்வரை இன்னொரு முறை பார்த்தாள்.

"அக்கா, லேடீஸ்ல உங்களுக்கு வராதுக்கா. ஜென்ட்ஸ்ல பாக்கறீங்களா?"

பார்த்தேன். தோளுக்குச் சரி, இடுப்பில் ஜிப் ஏறவில்லை. கை நீளம் விரலையும் தாண்டித் தொங்கியது. கண்ணாடியில் பார்த்தால் யாருடைய சட்டையையோ எடுத்துப் போட்டுக்கொண்டவள்போல இருந்தேன். வியர்வை வேறு. கழற்றிக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். துணி பத்தவில்லை என்றால் அது துணியின் குறைதானே? தைத்தவர் வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்கு நான் ஏன் வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறேன்?

நியாயமான கேள்விதான். வெட்கம் மட்டும் போகவில்லை.

அடுத்து ஆன்லைன். பெண்களுக்கான ஜாக்கெட்டில் இருப்பதிலேயே பெரிய அளவாகப் பார்த்து ஆர்டர் போட்டேன். வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. நான் ஸ்கூலில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பிரித்து, காலரின் உள்பக்கம் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் புதுத்துணி என்றால் அப்படித்தான். மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை.

வந்து போட்டுப் பார்த்தேன். ஜிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டன. நடுவில் நாலு விரல் இடைவெளி. சுருட்டினால் ஒரு சொம்புக்குள் அடங்கிவிடுகிற ஜாக்கெட், என்னை மட்டும் அடக்கமாட்டேன் என்கிறது.

திருப்பி எடுத்துப்போக வந்த தம்பி காலரைப் புரட்டிப் பார்த்தார். "மேடம், உள்ள மஞ்ச கறை இருக்குது. இதை எடுத்துக்கினு போனா எனக்குத்தான் பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"மலைக்குப் போட்டுக்கினு போற துணி விஜி. நல்லபடியா போய்ட்டு வரணும்னுதான வெச்சேன்?" என்றார். இதற்கு எப்படிக் கோபப்படுவது?

எடுத்துக்கொண்டு ரேவதியிடம் போனேன். திண்டிவனத்தில் எனக்கு எல்லாம் தைப்பது அவள்தான். பார்த்தவுடனே, "இதுக்கா கவலைப்படறீங்க? ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுடலாம்கா. உள்ள துணி இருக்கும்ல" என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியது.

ஆண் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். நம் பக்கம் ரவிக்கை தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து அந்தத் துணியை வெளியே விட்டுக்கொள்ளலாம். என் கல்யாண ரவிக்கை கயல் பிறந்தபோது ஒரு தரம், அப்புறம் ஒரு தரம் என்று பிரிந்து பிரிந்து என்னோடுகூடவே வளர்ந்தது. உலகத்தில் உள்ள எல்லாத் துணிக்குள்ளும் அப்படி ஒரு ஓரம் இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார நம்பினோம்.

இல்லை. நகக்கண் அளவுகூட இல்லை. பிரித்த இடத்தில் இருந்தது இறகுதான். அதுதான் நான் முதலில் சொன்ன பனி.

ஸ்டூலில் உட்கார்ந்து கயலுக்கு வீடியோ கால் போட்டேன்.

"கயலு, நான் வரலடி. நீ உன் ஃப்ரெண்ட்ஸ்கூட போய்ட்டு வா."

"தலையில இன்னாம்மா அது?"

"வாத்து."

நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "வேற வாங்கலாம்மா, இதுக்குப் போயி வரலன்றியே" என்றாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்கடி வாங்கறது? எதுவும் எனக்குப் பத்தல. அங்க எல்லாரும் சிக்குனு வருவாங்க. நடுவுல நான் மட்டும் ஜிப்பு போட முடியாம நின்னுக்கினு இருக்கணும். உனக்குத்தான் அசிங்கம்."

கயல் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"எனக்கும் ஜிப்பு போட முடியலம்மா" என்றாள்.

"இன்னாடி சொல்றே?"

"எனக்கும் உன் தோளுதானம்மா. ஜென்ட்ஸ் ஜாக்கெட்தான் வாங்கி வெச்சிருக்கேன். அதுவும் இடுப்புல பத்தல. போன வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் ட்ரெக்கிங் போனாங்க, இதுக்காகத்தான் நான் போகல. உன்கூடன்னா எனக்குக் கூச்சமா இருக்காது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

அம்மாவுக்கு மலையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்? தினமும் சாப்பிட்டியா என்று கேட்ட எனக்கு இது தெரியவில்லையே. தோளைக் கொடுத்தது நான்தான், சரி. இந்தக் கூச்சத்தையும் நானேதான் கொடுத்தேனா?

"சனிக்கிழமை வீட்டுக்கு வா" என்றேன். "வரும்போது அந்த ஜாக்கெட்டையும் எடுத்துக்கினு வா. ரெண்டு பேரும்தான் போறோம்."

ரேவதி தரையிலிருந்த இறகையெல்லாம் கூட்டி அள்ளி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். மஞ்சள் தடவிய பாவத்துக்கு என் வீட்டுக்காரர் தன் மழைக்கோட்டைக் கொடுத்தார். அதை வெட்டி, இறகையும் பஞ்சையும் நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் பட்டையாக ஒட்டுப் போட்டாள். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான்.

நேற்று கயல் வந்தாள். ரேவதி கடையில் என் ஜாக்கெட்டைப் போட்டேன். ஜிப் கழுத்துவரை ஏறியது. கறுப்பு ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் நீலப் பட்டை. அழகா என்று கேட்காதீர்கள். ஒட்டுப் போட்டதால் அதன் சொந்தப் பைக்குள் இப்போது அடங்கவில்லை. மிச்சத் துணியில் ரேவதி கொஞ்சம் பெரிதாக ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுத்துவிட்டாள். அதில் அடங்கிவிட்டது.

ஒன்று புரிந்தது எனக்கு. கம்பெனி ஜாக்கெட் ஒரே ஒரு உடம்பை மனதில் வைத்து வெட்டியது. அந்த உடம்பு மாறவே மாறாது என்று நம்பி, ஓரத்தை ஒட்ட நறுக்கிவிடுகிறார்கள். ரேவதி இன்றைக்கு வருகிறவளுக்கும் தைக்கிறாள், பத்து வருஷம் கழித்து வரப்போகிறவளுக்கும் சேர்த்துத் தைக்கிறாள். ஆள் மாறுவாள் என்று தெரிந்து இடம் விடுவது எவ்வளவு பெரிய மரியாதை! வீட்டில் பிள்ளைகளிடம் பேசும்போதுகூட நாம் அந்த ஓரத்தை விடுவதில்லை.

கயலின் ஜாக்கெட்டையும் பிரித்து மேசையில் போட்டாயிற்று. கத்தரிக்கோலும் கையுமாக ரேவதி கேட்டாள்: "பாப்பாவுக்கு ஒட்டு சரியா வெச்சு முடிச்சிடட்டா, உள்ள துணி விடணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கயல் சொன்னாள். "விடுங்கக்கா. நானும் எங்க அம்மா மாதிரி ஆவணும்ல."

ரேவதி நாலு விரல் துணி விட்டாள்.