காலிக் குடுவையில் வந்த பச்சை

காலிக் குடுவையைக் காய்ச்சினால் என்ன வரும், சொல்லுங்கள் பார்ப்போம்? ஒன்றும் வராது என்றுதானே? நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்படித்தான் சொன்னேன்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு வாடகைக் கட்டிடம்தான் எங்கள் ஆய்வுக்கூடம். நானும் நாசரேத்துக்காரி ஒருத்தியும் ஆராய்ச்சி மாணவிகள். ஊர்ச் சாக்கடை, கடலடியில் முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டான பார் வரைக்கும் போகிறதா என்பது என் கேள்வி. சாக்கடை நைட்ரஜனில் கனமான வகை, அதாவது நைட்ரஜன் பதினைந்து, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சிப்பிச் சதையிலும் அது கூடியிருந்தால் ஆள் அகப்பட்டான். அதை அளக்கும் இயந்திரம் பம்பாயில். வருடத்துக்கு ஒரு தடவைதான் எங்களுக்கு முறை வரும். தப்பான சரக்கைக் கொண்டுபோனால் என் ஒரு வருடம் போச்சு.

வழி இரண்டு. சதையைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, நைட்ரஜனை அமோனியாவாக்கி, வடித்து, போரிக் அமிலத்தில் பிடிப்பது ஒன்று. நிறங்காட்டி கலந்த அந்தச் சிவப்புக் கரைசல் பச்சையானால் அமோனியா வந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று முடிக்கலாம். இன்னொன்று, காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய கண்ணாடிக் குழாயில் தாமிர ஆக்சைடோடு எரிப்பது. ஒன்றுக்கே ஒரு நாள். நான் யோசிக்கவே இல்லை, முதல் வழிதான். பன்னிரண்டு சிப்பியில் ஒன்பது முடிந்தது.

"சிப்பி போடாம ஒரு தடவ வடிச்சுப் பாத்தியா ஏளா?" என்றாள் நாசரேத்துக்காரி.

"காலிக் குடுவையில என்ன வரும்? ஒனக்கு வேற சோலி இல்லையா?"

அவளே வடித்தாள். பச்சை.

"ஒழுங்காக் கழுவுனியா, கூறுகெட்டவளே?"

"கழுவுன கை வலிக்கி. நீ வந்து கழுவு."

கழுவினேன். மறுபடியும் பச்சை. அவள் ஒரு தட்டில் போரிக் அமிலத்தை ஊற்றி ஜன்னலில் வைத்தாள். சாப்பிட்டு வந்து பார்த்தால் அதுவும் பச்சை. ஜன்னலுக்கு நேர் எதிரே ஐஸ் கம்பெனி. அங்கே குளிர்விக்க ஓடுவது அமோனியா. அது கசிகிறது. அந்த வாடை தினமும் மூக்கில் ஏறியது, மூளையில்தான் ஏறவில்லை.

"வந்ததுல அந்தக் கொஞ்சத்தக் கழிச்சிட்டா?" என்றேன்.

"நேத்துக் கசிஞ்சதும் இன்னைக்குக் கசிஞ்சதும் ஒண்ணா? அதுல கனம் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? போய்க் கேளேன், 'அண்ணாச்சி, ஒங்க வாடையில நைட்ரஜன் பதினஞ்சு எவ்வளவு'ன்னு!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒன்பதையும் கழுவுதொட்டியில் கொட்டினேன். பம்பாய் ரயிலுக்கு ஏழு நாள்தான் மிச்சம். இனிமேல் கண்ணாடிக் குழாய் வழிதான், ஒன்றுக்கு ஒரு நாள்; பன்னிரண்டு சிப்பியும் நடக்காது. சாக்கடை வாய்ப் பக்கம் மூன்று, பாரில் மூன்று போதும். நடுவில் உள்ளவை போகட்டும்.

"அமோனியாவுக்குப் பயந்து காத்துட்ட மாட்டிக்கிட்டியே," என்றாள். "காத்துல முக்காலுக்கு மேல நைட்ரஜன்லா? பம்பு கசிஞ்சா அம்புட்டும் போச்சு."

"கசிய விட்டாத்தானே? நீ வேடிக்க பாரு."

முதல் நாள் காலிக் குழாயைத்தான் எரித்தேன், அவள் சொல்லாமலே. உடைத்துத் திறந்தபோது அழுத்தமானியின் முள் அசையவில்லை; உள்ளே காற்று துளியும் புகவில்லை. அப்புறம்தான் சிப்பி.

இப்போது ஆறு குழாயும் பம்பாய்க்குப் போக என் மேசையில், பனையோலைப் பெட்டிக்குள், பஞ்சுக்கு நடுவே இருக்கின்றன.