பின்சக்கரத்துக்கு டெய்லர் செய்த உபகாரம்

பிரேக்கம்மாவின் முகவாயில் ஒரு தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில், பிரேக் பிடிக்காத வண்டியோடு ஒரு பூந்தொட்டிக் கடைக்குள் புகுந்ததில் கிடைத்தது. உடைந்த தொட்டிகளுக்கு நடுவே கிடந்தபடியே சிரித்தாளாம். காயம் ஆறியதும் பிரேக் வேலை கற்கப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடங்களாக அதுதான் தொழில். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அவள் பட்டறைக்கும் கணவரின் தையல் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதிலிருந்த ஓட்டை வழியாக இருவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது.

அந்த வியாழக்கிழமையை எப்படி மறப்பது! கூரியர் கம்பெனி மேனேஜர் நான்கு மணிக்கு வருவதாக இருந்தார். கம்பெனியின் நாற்பது பைக் வண்டிகளை அவளிடம் ஒப்படைக்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரே பரீட்சை: மெக்கானிக்கின் சொந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பார். தேறிவிட்டால், தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பெரிய ஷெட்டுக்குப் போய்விடலாம். ஏழு வருடக் கனவு! அதில் கணவரின் மெஷினுக்குத் தன் பக்கத்திலேயே ஒரு ஜன்னலோரம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு வண்டியைத் துடைத்து ஒரு வட்டம் அடித்தாள். பின் பிரேக்கை மிதித்தாள். பெடல் அடிவரை போய்ப் படுத்துக்கொண்டது. வண்டி நிற்கவில்லை, அவள் இதயம்தான் நின்றது! முன் பிரேக் புண்ணியத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"என்னங்க! ஓடி வாங்க!"

டெய்லர் கழுத்தில் டேப் ஆட ஓடி வந்தார்.

பிரேக் ஆயில் ஓடும் ஹோஸ் நெடுக விரலை ஓட்டினாள், ஈரமில்லை. சக்கரத்தைக் கவ்வும் பேடு தேயவில்லை. ஆயில் டப்பாவில் அளவும் சரி.

"ஆயில்ல காத்து புகுந்திருக்கும். நீங்க பெடல மிதிங்க. நான் சொல்றப்ப அமுக்கிப் பிடிங்க."

"இருபது வருஷமா மெஷின் மிதிச்ச காலு இது. கவலைய விடு."

கடகடவென்று மிதித்தார்.

"மெதுவா! என்ன ஜாக்கெட்டா தைக்கிறீங்க?"

மூன்று முறை செய்தும், ஆயிலை வடிக்க அவள் மாட்டிய குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. பெடலோ கால் வைத்ததும் மெல்ல மெல்ல இறங்கியது.

"வெளிய ஒழுகல. காத்தும் இல்ல. அப்போ உள்ளுக்குள்ளயே கசியுது" என்று பெடலருகே இருந்த, ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தாள். உள்ளிருந்த ரப்பர் டீயில் ஊறிய பிஸ்கட் போல உப்பி, விளிம்பு கிழிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். ஐயோ, அந்த வாசனை! தலையணையிலும் சட்டைக் கையிலும் அவள் ஆண்டாண்டாக அறிந்த வாசனை!

மெல்லத் திரும்பினாள். "என் வண்டிய என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லையே... ஞாயித்துக்கிழம சீட்டுக்குப் புது உறை மாட்டினேனா? அப்பதான் பாத்தேன், அந்தக் குட்டி டப்பாவுல ஆயில் அளவுக் கோட்டுக்குக் கீழ இருந்துச்சு. நீயே தனியா அல்லாடுறியேன்னு நிரப்பிட்டேன். மெஷினுக்குப் போடற எண்ணெய். நல்ல சரக்கும்மா!"

"அது பட்டா ரப்பர் ஊதிடும், மனுஷா!"

ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களைக் கழுவ இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்தா மேனேஜர் வந்து இறங்க வேண்டும்? அரை மணி முன்னதாகவே!

டெய்லர் அவள் காதில் கிசுகிசுத்தார். "சட்டுனு மாட்டிடு. முன் பிரேக்க மட்டும் பிடிக்கச் சொல்லிடலாம்."

அவள் விரல் தானாகத் தழும்பைத் தடவியது.

"சார், என் வண்டிய இன்னிக்குத் தர மாட்டேன். பின் பிரேக் இல்ல." உப்பிய ரப்பரை நீட்டினாள். "மெஷின் எண்ணெய் ஊத்தியிருக்கு."

"யாரு ஊத்தினது?"

டெய்லர் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

மேனேஜர் ரப்பரைப் பார்த்தார். கழுத்து டேப்பைப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

"காலைல வேற ஒரு மெக்கானிக், 'ரெண்டு தடவை மிதிங்க சார், பிடிச்சுக்கும்'னு சாவியக் குடுத்தாரு. நீங்க தரவே இல்ல. நாப்பதும் உங்களுக்குத்தாம்மா! ஆனா இவர் வண்டிங்க பக்கமே வரக் கூடாது."

"பத்தடி தள்ளியே நிக்கிறேன் சார்!"

பிரேக்கம்மா சிரித்தாள், அழுதாள், கிரீஸ் கையாலேயே கணவரின் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஷெட் கிடைத்துவிட்டது. ஜன்னலோரம்தான் டெய்லருக்குக் கிடைக்கவில்லை. அவர் மெஷின் கடைசி மூலையில். நடுவே வண்டிகளின் வரிசை. சண்டை போட இப்போது இருவரும் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. தெருவுக்கே கேட்கிறது.