எடுக்காத இலை

செவ்வந்தி அதிகம் பேசமாட்டாள். நடவு வயலில் மற்றவர்கள் பாட்டும் கேலியுமாக இருக்கும்போது அவள் தலை நிமிராமல் நாற்றை ஊன்றிக்கொண்டே போவாள். வாயில்லாப் பூச்சி என்று சேரித் தெருவில் பெயர். அவள் ஒன்றை மனத்தில் வைத்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள் என்பது பக்கத்து வீட்டு நீலாம்பாளுக்கு மட்டும் தெரியும்.

வலங்கைமான் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில் வைரக்கண்ணுவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஆட்சி மாறியதும் கடைச் சுவரில் தொங்கிய தலைவர் படமும் மாறியது. மற்றதெல்லாம் அப்படியேதான். சேரி ஆட்கள் பின்பக்கம் போய், மாட்டுத் தொட்டி ஓரம் குந்தி, கொட்டாங்கச்சியில் டீ குடிக்க வேண்டும். அந்த வருஷம் அறுவடையில் கூலி கேட்டு எல்லோரும் அரிவாளைக் கீழே வைத்தார்கள். தாசில்தார் முன்னால் நடந்த பேச்சில் கூலியோடு கடை விஷயமும் சேர்ந்துகொண்டது. இனி யாரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வைரக்கண்ணு ஒத்துக்கொண்டார்.

சேரியின் விவசாயக் கூலிச் சங்கத்து ஆண்கள் ஒருநாள் கொடியோடு போய்ச் சாப்பிட்டார்கள். செவ்வந்தி ரோட்டில் நின்று பார்த்தாள். மற்றவர்கள் சாப்பிட்ட இலையைக் கடை ஆள் துரைராசு எடுத்தான். சங்கத்து ஆட்கள் மட்டும் தங்கள் இலையைத் தாங்களே சுருட்டிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்கள். அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

நடவு முடிந்த மறுநாள் காலையில் தலை வாரி, கொடியில் கிடந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நீலாம்பாள் கூடவே வந்தாலும் கடை வாசலோடு நின்றுவிட்டாள்.

இட்லி நன்றாகத்தான் இருந்தது. செவ்வந்தி நிதானமாகச் சாப்பிட்டாள், காசைக் கொடுத்தாள், இலையை மூடினாள். எழுந்திருக்கவில்லை.

"இலைய எடுத்துப் போட்டுட்டுக் கெளம்பு" என்றார் வைரக்கண்ணு.

அவள் அசையவில்லை. உள்ளே உட்காரவிட்டதே பெரிசு என்று ஒருவர் முணுமுணுத்தார். துரைராசு முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலிலிருந்து நீலாம்பாள், வந்துவிடு என்று கையைக் காட்டினாள்.

"ஒனக்குத்தான் சொல்றேன். காதுல விழல?"

"விழுந்துச்சுங்க. அவரு எலய யாரு எடுத்தா?" பக்கத்தில் சாப்பிட்டு எழுந்தவரைக் காட்டிக் கேட்டாள். "இந்தக் கடைக்கு வாழக்கொல்லையில எல அறுத்துக் குடுக்குறது நாந்தான். அப்ப எங்கையி ஆவுது. நான் தின்ன எல ஆவாதா?"

அந்த நேரம் நன்னிலம் பஸ் வந்து நின்றது. இறங்கிய கூட்டம் உள்ளே நுழைந்தது. காலியாக இருந்தது அவள் எதிரே இருந்த இடம் மட்டும்தான். பசியோடு வந்த ஒருவர், எச்சில் இலையை எடுக்காமல் என்ன கடை நடத்துகிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

வைரக்கண்ணு ஒரு விறகுக் குச்சியை எடுத்துவந்து இலையைத் தள்ளப் பார்த்தார். செவ்வந்தி இலையின் ஓரத்தைத் தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

"கையால எடுங்க."

வைரக்கண்ணு குச்சியை எறிந்தார். இரண்டு விரலால் இலையைப் பிடித்து, உடம்பில் படாமல் ஒதுக்கிக்கொண்டு வெளியே எடுத்துப்போனார்.

செவ்வந்தி வாசல் அண்டாவில் கை கழுவினாள்.

அதற்குப் பிறகு உள்ளூர் மிராசுகள் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. வாழைக்கொல்லை வேலையும் போயிற்று. நன்னிலம் பக்கம் களையெடுக்கப் போய்வந்தாள். முன்னைவிடத் தூரம், முன்னைவிட வெயில். ஆனாலும் வாரச் சந்தையன்று நீலாம்பாளையும் இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள். துரைராசு இரண்டு இலை போட்டான்.

நீலாம்பாள் ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள். வைரக்கண்ணுவைப் பார்த்துக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "என்னாங்க இது, சாம்பார்ல உப்பே இல்ல. வேற கொண்டாந்து ஊத்தச் சொல்லுங்க."