கார்கிவில் படித்த டாக்டரைத் தேடிக் குரங்கணிக்கு

போன அக்டோபரில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுப்பு கிடைத்தது. குரங்கணி மலையேற்றம் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் போனது வளர்மதியைப் பார்க்க. நாங்கள் இருவரும் உக்ரைனில், கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்தவர்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது ஹாஸ்டலுக்கு அடியில் இருந்த நிலவறையில் ஒண்டிக்கிடந்து, பிறகு ஒன்றாகவே எல்லை தாண்டி ஊர் வந்து சேர்ந்தோம். நான் ஜார்ஜியாவுக்கு மாறிப் படிப்பை முடித்தேன். அவளோ சண்டை நடந்துகொண்டிருந்த அதே நாட்டுக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் அழுது பார்த்தார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த நாட்டின் மேற்குப் பக்கத்தில் படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வும் தேறி, இப்போது போடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஞாயிறுதோறும் சொந்த ஊரான குரங்கணிக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களுக்கு இலவசமாக வைத்தியம்.

மதுரையிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் போடி. கூட்டம் அதிகமில்லை, சன்னலோரம் கிடைக்கும். போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர். பஸ் குறைவு. நான் ஷேர் ஜீப்பில் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், பின்னால் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும்.

ஜீப் ஓட்டிய செல்லப்பாண்டி அண்ணனுக்கு வளர்மதியைத் தெரிந்திருந்தது.

“அங்க என்னத்துக்குத் தாயி சண்டை? உர மூட்டை வெல ஏறுனதுக்கே அதுதான் காரணம்ங்கிறாங்க” என்றார்.

காரணம் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ராணுவக் கூட்டணி, பழைய சோவியத் கணக்கு, மொழி என்று நாங்களும் ஹாஸ்டலில் விடிய விடியப் பேசியிருக்கிறோம். அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்த நாடுகள். சின்னது தன் வழியில் போக நினைத்தது. பெரியது விடவில்லை. முதலில் கிரிமியாவை எடுத்துக்கொண்டது, கிழக்கே பல வருடம் சண்டை நடந்தது, கடைசியில் பல பக்கமிருந்தும் படையை அனுப்பிவிட்டது.

“பக்கத்துக் காட்டுக்காரன் வேலியத் தள்ளிப் போட்ட கதையா?”

“வேலி மட்டுமில்லண்ணே. இப்படி ஒரு வீடே கெடையாது, எல்லாமே என்னோடதுன்னு சொல்றான்.”

“அப்ப விடக்கூடாதுல்ல” என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார்.

சனிக்கிழமை காலை நானும் வளர்மதியும் மேலே நடந்தோம். காபிச் செடிகள் முடிந்து ஏலத்தோட்டம் தொடங்கும் இடத்தில் பெண்களின் கூச்சல் கேட்டது. களை வெட்டிக்கொண்டிருந்த பேச்சியக்காவுக்கு அரிவாள் வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. ஒருத்தி காபித்தூளை அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, “தூக்குங்கடா, வெரசா கீழ கொண்டு போங்க” என்று கத்தினார்.

“கட்டுப் போடாம ஒரு எட்டு நகத்தக் கூடாது!” வளர்மதி அவர்களைத் தள்ளிக்கொண்டு மண்டியிட்டாள். என் துப்பட்டாவை உருவித் தொடையில் சுற்றி, அரிவாள் பிடி அளவுக் குச்சி ஒன்றைச் செருகி முறுக்கினாள். பேச்சியக்கா அலறினார். “வலிக்கும்க்கா. கத்து. நல்லாக் கத்து” என்றபடியே முறுக்கினாள். நான் காயத்தை அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றது.

அடுத்த சிக்கல் ஜீப். தோட்டத்து ஜீப் நிறைய ஏலக்காய் மூட்டை. “லோடு இன்னைக்கே போடி போயாகணும். மொதலாளி கொன்னே போட்டுருவாரு. கீழருந்து வேற ஜீப்பு வரச் சொல்றேன்” என்றார் சூப்பர்வைசர்.

“ரத்தம் எறங்காமக் கட்டியிருக்கேன், அது வர்றதுக்குள்ள காலு போயிரும்” என்றாள் வளர்மதி. அவர் போனை எடுத்தார். அவள் ஜீப்பில் ஏறி முதல் மூட்டையைக் கீழே உருட்டினாள். அவர் கையைப் பிடித்து இழுக்க வந்தார். அதற்குள் இன்னொரு பெண் ஏறிவிட்டாள், பிறகு மூன்று பேர். மூட்டைகள் ஈர மண்ணில் விழுந்துகொண்டே இருந்தன. ஏறியவர்களில் ஒருத்திகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தேனி பெரியாஸ்பத்திரியில் ரத்தக்குழாயைத் தைத்துவிட்டார்கள். கால் பிழைத்தது. அங்கிருந்த மருத்துவர் கட்டைப் பார்த்து, “யார் போட்டது?” என்று கேட்டார். “நான்தான் சார். எங்க படிச்சேன்னு கேக்குறீங்களா?” என்றாள். அவர் சிரித்தார், அதைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டீ குடிக்கும்போது, உக்ரைன் சண்டை உன்னை நல்லா தயார் பண்ணியிருக்கு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சண்டை எனக்கு ஒண்ணும் கத்துக்குடுக்கலடி. கரண்டு இல்லாத ஆஸ்பத்திரில, டார்ச்சு வெளிச்சத்துல டாக்டருங்க கத்துக்குடுத்தாங்க. அதுல ரெண்டு பேரச் சண்டை கொன்னுபோட்டுச்சு. அதுக்குப் போயி நன்றி சொல்லச் சொல்றியா?”

இதை எழுதும்போதும் அங்கே குண்டு விழுவது நிற்கவில்லை.

அன்று மாலையே தோட்டத்திலிருந்து அவள் அப்பாவுக்கு போன் வந்தது. உங்கள் மகள் இனி தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் வழக்கமாக வைத்தியம் பார்க்கும் இடம் தோட்டத்து ஸ்டோர் தாழ்வாரம். அப்பா, “கொஞ்ச நாளைக்கு விடும்மா, அவுங்க கிட்டப் பேசிப் பாக்குறேன்” என்றார். “பேசுங்கப்பா. நாளைக்கு நான் போயிட்டு வர்றேன்” என்று மருந்துப் பையை எடுத்து வைத்தாள்.

ஞாயிறு காலை கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே இருப்பது பஞ்சாயத்துச் சாலை. அதன் ஓரத்தில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தாள். வெகுநேரம் யாரும் வரவில்லை. தூறல் போட்டது. அவள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக, நேற்று மூட்டை தள்ளிய பெண்களில் ஒருத்தி குனிந்து வெளியே வந்தாள். “எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பிரசரு பாருங்க” என்று கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் உள்ளே நின்று பார்த்தார், போன் பேசினார், மறுபடி பார்த்தார். கேட்டைத் திறக்கவுமில்லை, யாரையும் தடுக்கவுமில்லை.

போர் என்றால் வரைபடத்தில் நகரும் கோடுகள் என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் இருவருக்கும் அது, பாதியில் நிறுத்தப்பட்ட வகுப்பு. வளர்மதி அதை அப்படியே விட்டுவிடவில்லை.

போகிறவர்களுக்கு: அக்டோபரில் மழை உண்டு, அட்டையும் உண்டு, உப்புப் பொட்டலம் அவசியம். குரங்கணிக்கு மேலே காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது, கிளம்புமுன் பாருங்கள். மாலை நாலு மணிக்குமேல் கீழே வர ஜீப் கிடைப்பது கஷ்டம். ஞாயிறு காலை அந்தச் சாலையில் நடந்தால் அவளைப் பார்க்கலாம். கட்டுத்துணி, காய்ச்சல் மாத்திரை எது கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வாள். அந்தப் படிப்பு இங்கே செல்லுமா என்று மட்டும் கேட்காதீர்கள். வரிசையில் நிற்கும் பெண்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.