இது ஹாஸ்கெட் கை இல்லை

என் தங்கை பெர்னடீன் ஜெயித்தவற்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெண்பிள்ளைகள் யாரும் உட்காராத பள்ளி டிங்கரிங் வகுப்பில், பதினைந்து வயதில், ஒரு முக்காலி. டெல்மர் ஹாஸ்கெட்டின் பட்டறையில், தரை பெருக்கப் போன இடத்தில், பெயிண்ட் கன். ஒன்பது வருடக் கல்யாணத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் கேட்டு வாங்கிய கோர்ஸ்கி என்ற எங்கள் வீட்டுப் பெயர். இனி பெயிண்ட் பக்கம் போனால் நுரையீரல் மிஞ்சாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பப் பிடித்த வேலை. தரைத்தகடே இல்லாமல் கிடந்த 1969ஆம் வருடத்து, வேகத்துக்கென்றே செய்த ஒரு மஸில் கார். இன்று அவள் கொட்டகைக்கு முன்னால் முறை வருவதற்காகக் காத்து நிற்கும் மற்றவர்களின் வண்டிகள். அப்புறம் ஒரு வெள்ளிக் கோப்பை. அது என் சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. மரக்கரண்டிகளை அதில்தான் போட்டு வைக்கிறேன். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

அது தங்கமாக இருந்திருக்க வேண்டியது. ஏன் ஆகவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஐரீனா. அவளுக்கு ஏழு வயது மூத்தவள். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, மிச்சிகனில் எங்கள் ஊர் கார் ஆலையில் சீட் தைக்கப் போனேன். கண் மங்கும்வரை தைத்தேன். ஆலையை இடித்துவிட்டார்கள். அது செய்த வண்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் பெரிய பேர் ஹாஸ்கெட்டுக்கு.

பெர்னடீன் ஹாஸ்கெட்டிடம் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் இருந்தாள். அவருடைய பெயிண்டர் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வாரம் கன்னைக் கையில் எடுத்தவள், பிறகு யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவள் தனியாக அடித்த முதல் வண்டி போட்டிக்குப் போனபோது நானும் போயிருந்தேன். அடிப்பாகத்தைக்கூட முகம் பார்க்கலாம் போல வழுவழுவென்று செய்திருந்தாள். நடுவர்கள் படுத்துப் பார்த்துவிட்டுப் புள்ளிகளை வெட்டித் தள்ளினார்கள். இந்தப் போட்டிகளில் வண்டி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆலையில் அடிப்பாகத்துக்கு யார் மெனக்கெட்டார்கள்? மேலே அடித்தது கீழே தூறல் போட்டிருக்கும். அவ்வளவுதான்.

ஹாஸ்கெட் எல்லார் முன்னாலும் கத்தினார். "உன்னை யார் நல்லா அடிக்கச் சொன்னது? ஆலையில அடிச்ச மாதிரி அடின்னு தானே சொன்னேன்?"

"ஆலையில மோசமா அடிச்சிருக்காங்க, டெல்மர்."

"அப்ப நீயும் மோசமா அடி. அதுக்குத்தான் சம்பளம்."

அவள் அழவில்லை. ஆனால் மோசமாக அடிப்பது அவ்வளவு எளிதில்லை என்று சீக்கிரமே கண்டுபிடித்தாள். வேண்டுமென்றே ஒழுகவிட்ட பெயிண்ட் வேண்டுமென்றே ஒழுகவிட்டது போலத்தான் இருந்தது. ஆலையில் பெயிண்டர் நின்ற இடத்திலேயே நிற்பான். வண்டிதான் அவனைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். கதவின் அடிமூலைக்கு வரும்போது கை எட்டாமல் மணிக்கட்டைத் திருப்புவான். அங்கே பெயிண்ட் தடித்து ஒரு சொட்டு இறங்கும். இதை யோசித்து யோசித்துப் பிடித்தவள், வண்டிக்கூட்டைச் சக்கரப் பலகையில் ஏற்றி, பட்டறை ஆட்களை மெதுவாகத் தள்ளச் சொன்னாள். தான் ஒரே இடத்தில் நின்று அடித்தாள். சொட்டு தானாக வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு ஹாஸ்கெட் பட்டறை வண்டிகளுக்குத் தங்கத்தின் மேல் தங்கம். 'ஹாஸ்கெட் கை' என்று ஊரெல்லாம் பேச்சு.

2011இல் ஒரு வண்டி தங்கம் வாங்கியபோது, வண்டிக்கு முன்னால் யார் யார் வேலை என்று எழுதி வைக்கும் பலகையில், பெயிண்ட் என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள்.

"சமையல்காரி பேரை ஹோட்டல் போர்டுல போடறாங்களா, பெர்னி?" என்றார் ஹாஸ்கெட்.

அவள் முகமூடியை ஆணியில் மாட்டவில்லை. அது அவள் சொந்தக் காசில் வாங்கியது. கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு 'கோர்ஸ்கி பெயிண்ட்' என்று பலகை மாட்டினாள். யாரும் வரவில்லை. வந்து எட்டிப் பார்த்தவர்களும், "பெயிண்ட் ஹாஸ்கெட்டோடதாச்சே, நீங்க அங்க உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரி தான்தான் என்று அவள் காட்டியாக வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு வண்டி வேண்டும்.

பீட்ரூட் சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு போடும் விவசாயி ஒருவரின் கொட்டகையில் அது கிடந்தது. இரண்டு கதவு, பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின், ஆலை அந்த ஒரு வருடம் மட்டும் அடித்த ஆரஞ்சு நிறம். விவசாயியின் லாரிக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்து அதை வாங்கினாள். உட்கார்ந்தால் கால் தரையில் பட்டது. வண்டியின் தரையில் இல்லை, மண் தரையில்.

மூன்று குளிர்காலம் அதில் போனது. சீட்டுகள் என் பொறுப்பு. புதுத் துணி வெட்டித் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரொம்ப நேரா இருக்கு, அக்கா. பிரிச்சுட்டுத் தை."

"நேரா இருக்கறது உனக்குக் குத்தமா?"

"பத்தொம்பது வயசுல ஆலையில தைச்சியே, அந்த மாதிரி தை."

"அப்பவும் நான் நேராத்தான் தைச்சேன்."

"அப்ப பக்கத்து மிஷின்ல இருந்தாளே லுடெல்லா, அவ மாதிரி தை."

லுடெல்லா மூலையில் திரும்பும்போது துணியை இழுத்துப் பிடிப்பாள். அதனால் அவள் தையல் மூலையில் மட்டும் கொஞ்சம் வெளியே போகும். எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. பிரித்துவிட்டு லுடெல்லா மாதிரி தைத்தேன். மனசு வரவில்லை, கை வந்தது.

பெயிண்ட் அடித்த அன்று வண்டியைத் தள்ளியதும் நான்தான். "மெதுவா, அக்கா. லைன் ஓடற மாதிரி. நிக்காத" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. கதவின் அடிமூலையில் அந்தச் சொட்டு இறங்கியதை நான் குனிந்து பார்த்தேன். அழகாக இருந்தது என்று சொல்லக்கூடாது. சரியாக இருந்தது.

எஞ்சினுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவரில், ஆலையின் சோதனைக்காரர்கள் ஒவ்வொருவரும் மெழுகுப் பென்சிலால் கிறுக்கியிருப்பார்கள். அழுக்கைச் சுரண்டும்போது கிடைத்த கிறுக்கல்களைப் போட்டோ எடுத்து, புது பெயிண்டின் மேல் அப்படியே திரும்ப எழுதினாள். கடைசிச் சோதனைக்காரர் எல்லாம் சரி என்று எழுதுகிற மூலையை மட்டும் துரு தின்றிருந்தது. மற்றவர்கள் வேறு வண்டியைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அவள் காலியாக விட்டாள்.

"என்ன எழுதியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்" என்றாள்.

போட்டி ஆகஸ்டில், பொருட்காட்சி மைதானத்தில். பட்டறைகள் செய்த வண்டிகளுக்கு ஒரு பிரிவு. சொந்தக்காரரும் அவர் வீட்டாருமே எல்லா வேலையும் செய்த வண்டிகளுக்கு இன்னொரு பிரிவு. அதற்குச் சொந்தக் கை என்று பெயர். பெர்னடீன் சொந்தக் கையில் நிறுத்தினாள். நாங்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஹாஸ்கெட்டின் வண்டியும் வந்திருந்தது, எதிர் வரிசையில். அதுவும் பெர்னடீன் அடித்ததுதான், அங்கே இருந்தபோது.

தலைமை நடுவர் ஆர்வில் டீக். ஆலையில் வண்டிக்கூடு செய்யும் பாடி லைனில் நின்று ஓய்வு பெற்றவர். யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். டார்ச்சும், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியுமாக வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம், சங்கு ஊத அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அடிச்ச மாதிரியே இருக்கேம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆலையில ஒருத்தி இப்படித்தான் தைப்பா, மூலையில இழுத்து" என்றார். நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து அடிமூலையில் கண்ணாடியை வைத்தவர், அந்தச் சொட்டை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து எதிர் வரிசைக்குப் போனார். ஹாஸ்கெட் வண்டியின் கதவைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஏம்மா, மறைச்சு என்ன பண்றது? ரெண்டுலயும் ஒரே இடத்துல ஒரே சொட்டு. இது டெல்மர் கை."

"டெல்மருக்குக் கன்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்வில் சிரிக்கவில்லை. "டெல்மர், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். ஹாஸ்கெட் சாசேஜ் பன்னைக் கடித்துக்கொண்டே வந்தார்.

"இது யார் அடிச்சது?"

ஹாஸ்கெட் வண்டியைப் பார்த்தார், பெர்னடீனைப் பார்க்கவில்லை. "என் பட்டறையில பொறந்த கைதான் அது. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "வண்டியைத் தள்ளினவ நான். என் இடுப்பைக் கேளுங்க, சொல்லும்."

"நீங்க அக்கா. நீங்க தங்கச்சிக்கு எதிரா சொன்னாத்தான் சாட்சி" என்றார் ஆர்வில். பிறகு பெர்னடீனிடம் குரலைத் தணித்தார். "ரெண்டு வழி இருக்கும்மா. பெயிண்ட் ஹாஸ்கெட் பட்டறைன்னு பலகையில போட்டுக்கறேன், வண்டியைப் பட்டறைப் பிரிவுக்கு மாத்தறேன். தங்கம். சந்தேகமே இல்லை. இல்ல, சொந்தக் கைதான்னு நின்னீங்கன்னா, யார் கைன்னு தெரியாத பெயிண்டுக்கு என்னால முழுப் புள்ளி போட முடியாது. வெள்ளிதான்."

நான் அவள் காதருகே போனேன். "வாங்கிக்கோடி. தங்கம்னா ஜனங்க வருவாங்க. பேரு பின்னால வரும்."

"இத்தனை வருஷமா பின்னாலதான் வந்துக்கிட்டிருக்கு, அக்கா" என்றாள்.

நேராக எதிர் வரிசைக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்.

"பானட்டைத் திற, டெல்மர்."

"எதுக்கு?"

"நான் செஞ்ச வேலை. என் பேரை எழுதிட்டுப் போறேன்."

ஹாஸ்கெட் தன் வண்டியின் பானட் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார், பன்னும் கையுமாக. "வண்டி என்னுது."

"வண்டி உன்னுதுதான். நான் இல்லைன்னேனா?"

பன்னிலிருந்து கடுகுச் சட்னி பெயிண்ட் மேல் சொட்டியது. அவர் சட்டைக் கையால் துடைக்கப் போனார். பெர்னடீன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். "சட்டையால தேய்க்காத, கீறல் விழும்." தன் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, சட்னியை ஒற்றி எடுத்தாள். கீறல் விழுந்ததா என்று தலையைச் சாய்த்து வெயிலில் பார்த்தாள். விழவில்லை. ஹாஸ்கெட் பானட்டின் மேல் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஆர்வில் அவரையும் பார்த்தார், அந்தத் துணியையும் பார்த்தார். ஆனால் புள்ளித்தாளை மாற்றவில்லை. சந்தேகத்தின் பேரில் புள்ளி போடுகிற ஆள் இல்லை அவர்.

பெர்னடீன் தன் வண்டிக்குத் திரும்பி வந்து பானட்டைத் தூக்கினாள். சோதனைக்காரர்களின் கிறுக்கல்களை எழுதிய அதே மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுத்தாள். தகட்டுச் சுவரில், துரு தின்ற அந்தக் காலி மூலையில் பென்சிலை வைத்தாள்.

"அங்க ஆலை எழுதாததை எழுதினா அதுக்கும் புள்ளி போகும்மா" என்றார் ஆர்வில்.

"போகட்டும். இந்த வண்டியைக் கடைசியாச் சோதிச்சுப் பார்த்தது நான்தான்."

மூலை இருட்டாக இருந்தது. ஆர்வில் முன்னால் குனிந்து, தன் டார்ச்சை அவள் கைக்கு நேராகப் பிடித்தார்.

பள்ளியிலும் பாங்கிலும் நீதிமன்றத்திலும் அவள் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். செய்த வேலையில் போட்டதில்லை. அன்று அவள் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்த கூட்டத்தில் இருந்தவர்களின் வண்டிகள்தான் இப்போது கொட்டகைக்கு முன்னால் நிற்கின்றன. மெழுகு தகட்டில் கீச்சிட்டது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், பெர்னடீன் கோர்ஸ்கி என்று முழுசாக எழுதினாள். கீழே தேதியும் போட்டாள்.

2014, ஆகஸ்ட் 16.