தூசியில் ஒட்டிய பீடிங்

போன வாரம் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு பெண்மணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காரணம், என் பழைய பிக்கப் வண்டியின் சைடு பீடிங்.

பீடிங் தெரியும்தானே? கதவின் குறுக்கே நீளமாக ஓடுமே, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. பக்கத்து வண்டி உரசினால் கதவுக்குப் பதில் தான் அடி வாங்கிக்கொள்ளும். பதினாறு வருஷ வண்டியில் அதுவும் எத்தனை அடிதான் வாங்கும்? இடது கதவில் முன்முனை லேசாகக் கிளம்பி நின்றது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சீட் கவர், ஸ்டிக்கர் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. கொண்டுபோய் விட்டேன். கடைக்காரர் உள்ளங்கையால் கதவை ஒரு தடவு தடவினார். சுத்தம் செய்கிறாராம்! டபுள் சைடு டேப்பைக் கிழித்து நாலு இடத்தில் வைத்தார். பட்டையை அழுத்தினார். அதன் மேல் ஓங்கி ஒரு தட்டு.

"ஒண்ணும் ஆவாது சார். போயிட்டு வாங்க."

இந்தத் தட்டு இருக்கிறதே — நம் ஊரில் வேலை முடிந்ததற்கு அதுதான் சர்டிபிகேட். குழாய் மாற்றினாலும் தட்டுவார்கள், கதவுக்குக் கீல் போட்டாலும் தட்டுவார்கள். தட்டு எவ்வளவு பலமோ, வேலை அவ்வளவு மோசம் என்பது என் அனுபவம்.

நாலாம் நாள் பட்டை மறுபடி வாயைப் பிளந்தது. மறுபடி அதே கடை. இந்த முறை பழைய டேப்பின் பிசுக்கு மேலேயே புதுப் பசை.

"அதைச் சொரண்டிட்டு ஒட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? பழைய பசையும் சேந்து புடிச்சிக்கும்ல?"

ஆஹா, என்ன ஒரு ஞானம்! அந்த ஞானம் ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது முறை பார்சல் கட்டும் பிரவுன் டேப்பை முனையில் ஒட்டிவிட்டார். வண்டி காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல ஆயிற்று. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா வந்தேனே, என்னை என்ன சொல்வது? முந்திரி மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இது போதும் என்று நினைத்தேன். சோம்பேறிகளுக்குச் சிக்கனம் ஒரு நல்ல சாக்கு.

அந்த நாளுக்கு வருகிறேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஸ்கூட்டர். அதைத் தாண்டும்போது, காற்றில் பிரவுன் டேப் பிய்ந்து, பட்டை வெளியே நீட்டிக்கொண்டது. ஸ்கூட்டரின் ஹேண்டிலில் தொங்கிய சாப்பாட்டுப் பையில் மாட்டி ஒரே இழு, பை கிழிந்தது! ஸ்கூட்டர் தடுமாறி மண்ணில் இறங்கியது. ஓட்டிவந்த பெண் இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். அவருக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில், ஒரு குட்டிப் பெண் நின்றிருந்தாள். நாலு வயது இருக்கும்.

இறங்கி ஓடினேன். ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலைம்மா..."

"ஆகலையா? புள்ள காத ஒட்டிக்கினு போச்சு உங்க பட்டை. ரெண்டு வெரலு இந்தப் பக்கம் வந்திருந்தா கண்ணு போயிருக்கும். அப்பவும் இதையேதான் சொல்லுவீங்களா?"

அவர் வந்து, தொங்கிய பட்டையைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"என்னாங்க இது? தூசி மேல ஒட்டி வெச்சிருக்கீங்க. டேப்பு தூசியத்தான் புடிச்சிக்கினு இருக்குது, வண்டியப் புடிக்கவே இல்ல."

பீங்கான் சாமான் செய்கிற செராமிக் எஸ்டேட்டில் டீ கப்புக்குக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டுகிறவராம்.

"ஒட்டுற எடத்த ரெண்டு பக்கமும் கீறிவுட்டு, கூழு மண்ணு தடவி, அழுத்திப் புடிச்சி, சுத்தி நெருடிப் பாத்துட்டுத்தான் பலகையில வெப்போம். சும்மா வெச்சி அமுக்குனா சூளையிலயே பேத்துக்கும். தப்பித் தவறிக் கடைக்குப் போயிட்டா, எவன் மடியிலயாவது சுடு டீ கொட்டும். டீ கப்புக்கே இவ்ளோ பாக்குறோம். நீங்க ரோட்டுல வண்டி ஓட்டுறீங்க!"

அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பட்டையை முழுதாக எடுத்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, உள்ளே நைலான் நூலை விட்டு அறுத்தால் அலுங்காமல் வருகிறது. பின்னால் பார்க்க வேண்டுமே... அடுக்கடுக்காக டேப், செம்மண், செத்த எறும்பு, உடைந்த கிளிப்புகள். கதவில் துரு வேறு. துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, இரண்டு நாள் காயவிட்டேன். பிசுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போனதும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். புது கிளிப். முனை முதல் முனை வரை டேப். சாண் சாணாக அழுத்தினேன். ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடவில்லை. தட்டவும் இல்லை!

இதற்கெல்லாம் பெரிய படிப்பா வேண்டும்? துடைக்கிற பொறுமை போதும். அதுதான் நம்மிடம் ஸ்டாக் இல்லை. ஓதம் ஏறிய சுவரில் புதுப் பெயின்ட் அடிக்கிறோம். குழியைக் கூட்டாமல் தார் ஊற்றுகிறோம். பிய்த்துக்கொண்டால் சாமான் சரியில்லை என்கிறோம்.

முந்தாநாள் ஒரு புது சாப்பாட்டுப் பையோடு எஸ்டேட் வாசலுக்குப் போனேன். பை ஒரு சாக்கு. பட்டையைக் காட்டிப் பெருமையடிக்கத்தான் போனேன், வேறென்ன? வேலை விட்டு வந்தவர் பையை வாங்கிக்கொண்டார். பட்டையின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வண்டிதான் ஆடியது, பட்டை அசையவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க."

எனக்கு முகமெல்லாம் பல். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். அந்தக் கதவின் பட்டையையும் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அதை என்னிடம் நீட்டினார்.

"ஏங்க, இந்தப் பக்கம் புள்ளைங்க வராதா?"