நெஞ்சை விட்டுப் பிடி

1. பேர்

திருவொற்றியூரில் ஒரு சின்ன அரசுக் கால்நடை மருந்தகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். ஊசி போடுவது டாக்டரம்மா, பிடித்துக்கொள்வது நான். கடிக்கிற நாய், முட்டுகிற கடா எதுவானாலும், "அந்தாளு புடிச்சா உடும்புப் புடிதான்பா" என்பார்கள். அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் என்பதால் நசுங்கின கேஸ்களும் வரும். தகட்டு அடுக்கின் இடுக்கில் கீரி குட்டி போடும், குழாய்க்குள் ஆந்தை தங்கும். கிரேன் சரக்கை இறக்கினால் தீர்ந்தது கதை. நசுங்கலில் பெரிய மோசடி என்னவென்றால் வெளியே ரத்தமே இருக்காது. அப்படி வந்த ஓர் அணிலை, "ஒண்ணுமில்ல, எடுத்துனு போ" என்று அனுப்பினேன். கேட்டைத் தாண்டுவதற்குள் செத்துப்போனது.

2. தேசிங்கு கொண்டு வந்த ஆந்தை

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வெயில் காலம். மார்க்கெட்டில் லோடுமேனாக இருந்த தேசிங்கு சட்டைக்குள் எதையோ அணைத்தபடி ஓடி வந்தார். என் வயசுதான் அவருக்கும். வியாசர்பாடியில் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறவர்.

"சார், தகடு எறங்கசொல்லோ மாட்டிகிச்சு. கைய வுட்டு இஸ்துட்டேன்."

உள்ளே இருந்தது ஒரு புள்ளி ஆந்தை. ஒரு றெக்கை தொங்கியது. அவருடைய விரலில் நகம் பெயர்ந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் ஆந்தைக்காகக் கிரேனுக்கு அடியில் கை விட்டிருக்கிறார் மனுஷன்!

"மொதலாளி, ஆந்தைய தொட்டா வூடு வெளங்காதுன்னு கத்துறாரு. உசுரு கீதே சார், எப்டி வுடுறது?"

டாக்டரம்மா, "நல்லா பிடிங்க, நகம் கீறும்" என்று சொல்லிவிட்டுக் கட்டுத் துணியை நறுக்கக் குனிந்தார். நான் பிடித்தேன். கோழியைப் பிடிக்கிற மாதிரி, மார்பைச் சுற்றி முழுக் கையால் இறுக்கி.

"சார், நெஞ்ச புடிக்காத. காலு ரெண்டையும் வெரலு நடுவுல வச்சுக்க, றெக்க மேல கட்டவெரல வையி. புறாவ அப்டிதான் புடிப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. மூட்டை தூக்குகிறவன் எனக்குப் பாடம் நடத்துவதா!

"யோவ், இதே வேலையா கீறேன். வாய மூடிக்கினு நில்லு."

அவர் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா துணியோடு நிமிர்ந்தபோது ஆந்தையின் தலை சாய்ந்திருந்தது.

"உள்ள நசுங்கியிருக்குய்யா," என்றேன். "நீ லேட்டா கொண்டாந்துட்ட." அவர் ரத்தம் சொட்டும் விரலைப் பிடித்தபடி வெளியே போய்விட்டார்.

டாக்டரம்மா அறுத்துப் பார்த்தார். "றெக்கை எலும்பு மட்டும்தாங்க உடைஞ்சிருக்கு. உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்படிப் பிடிச்சீங்க?" காட்டினேன். "பறவைக்கு நெஞ்சு விரிஞ்சாத்தாங்க மூச்சு. நீங்க விரியவே விடலையே."

தகடு கொல்லாததை நான் கொன்றேன்.

3. மார்க்கெட்டில்

ஒரு வாரம் கழித்து, பொறுக்க முடியாமல் சாத்தாங்காட்டுக்கே போனேன். தேசிங்கு விரலில் துணி சுற்றிக்கொண்டு லாரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். உன் கையில இருக்கசொல்லோ வாய தொறந்து தொறந்து மூடிச்சே. பாத்துக்கினுதானே இருந்தேன்."

"அப்ப ஏன்யா கத்தல? என் கையத் தட்டி வுட்டிருக்கலாமே!"

"நீ கவர்மெண்ட்டு ஆளு. வாய மூடுன்ன, மூடிக்கினேன். கிரேன் அடியில கைய வுட பயப்படல சார், உன்கிட்ட பேச பயந்துட்டேன். அதான் எனுக்கு ஆறல."

டீயை முடிக்காமலே வேலைக்கு எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் எங்கள் மருந்தகத்துக்கு எதையும் கொண்டு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடிபட்ட உயிரைக் கொண்டு வந்தவர் ஏதாவது சொன்னால், முதலில் கையைத் தளர்த்துங்கள். பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.